கேட்ட ஊரெல்லாம் இருந்தது

நான் சொல்லப்போவது ஒரே ஒரு வரியைப் பற்றி. கம்ப்யூட்டருக்கு நான் எழுதிய புரோகிராம் வரி. முப்பது எழுத்துக்கு மேல் இருக்காது. அதைச் சொல்ல இம்புட்டு நேரம் எடுத்துக்கொள்கிறானே கிழவன் என்று, புரோகிராம் எழுத வந்திருக்கிற பிள்ளைகளே, நினைக்காதீர்கள். நேராக அந்த வரிக்குப் போனால் உங்களுக்கு வரி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அது போதாது.

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். அதற்கப்புறம் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற இடத்தில், தோல் ஷாப் என்போம், மூட்டை இறக்கினேன். சுண்ணாம்புத் தண்ணி பட்டு இரண்டு கையும் வெடித்துப் போனது. டாக்டர், "இந்தக் கையை வச்சுக்கிட்டு இனி அந்த வேலை ஆகாது" என்று சொல்லிவிட்டார். தோல் ஷாப் முதலாளியின் தம்பி ஒரு பிரியாணிக் கடை மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்திருந்தார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் என்னை வாசலில் உட்கார வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுவதுதான் வேலை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குச் செருப்பு ஆகாது.

வாசலில் உட்கார்ந்தவன் உள்ளே எப்படி வந்தேன் என்பது பெரிய கதை, அதை விடுங்கள். மதியம் கீழேயிருந்து தம் பிரியாணி வாசம் ஏறிவரும். எல்லாரும் இறங்கிப் போய்விடுவார்கள். நான் மட்டும் தூக்குச்சட்டிச் சோற்றை வைத்துக்கொண்டு, அணைக்காமல் போன திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்து வந்ததுதான். பெர்ல் என்று ஒரு மொழி. உங்களில் பாதிப் பேர் பேர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பாயிடம் அதற்கு ஒரு தடித்த புத்தகம் இருந்தது. இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் புரோகிராம் வரிகளை வாசிக்க வரும். அதனால் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிற வரிகளை மட்டும் பார்ப்பேன், சுற்றி எழுதியிருப்பதைத் தாண்டிவிடுவேன். எலும்பை எடுத்துக்கொண்டு கறியை விட்டவன் நான்.

அதில் எனக்குப் பிடித்தது ஹேஷ் என்பது. வரிசை நம்பர் போட்ட பெட்டி இல்லை, பெயர் எழுதி ஒட்டிய பெட்டி. உள்ளே என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். இன்னொரு பெயர் ஒட்டிய பெட்டியையே வைக்கலாம், அதற்குள்ளே இன்னொன்றை. நீங்கள் வேறு வேறு மொழியில் வேறு வேறு பேர் சொல்லி இதைத்தான் செய்கிறீர்கள். தோல் ஷாப்பில் இருந்தவனுக்கு அது லேசாகப் புரிந்தது. ஊர் எழுதிய அடுக்கு, அதற்குள் ஆள் எழுதிய கட்டு, கட்டுக்குள் தோல்.

ஊரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். விசாரணை மேசைக்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்று பாயிடம் கேட்டார்கள். யார் வந்து, யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும், எந்த வார்டு என்று சொல்ல வேண்டும். பாய் என்னைப் பார்த்து, "நீ எழுதுப்பா" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாக என்னிடம் கொடுத்தார்கள். கீழே போய் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். சந்தோஷத்தில் நான் சாப்பிட மறந்துவிட்டேன்.

விசாரணை மேசையில் ஜெசிந்தா என்று ஒரு பொண்ணு. பழைய நோட்டில் ஆஸ்பத்திரி நம்பர் வரிசையில் எழுதி வைத்திருந்தது. நான் இரண்டு நாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதுகிறதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். யாருமே நம்பர் சொல்லவில்லை. "கொசவபட்டிக்காரவுக, காலு ஒடிஞ்சு வந்தாகளே" என்பார்கள். "நம்ம நெய்க்காரப்பட்டி மாமனுங்க, எங்க போட்டிருக்காங்க" என்பார்கள். ஊர்தான் முதலில். அதற்கப்புறம்தான் பேர். அதனால் நானும் ஊரைப் பெரிய பெட்டி ஆக்கினேன். ஊருக்குள் பேர். பேருக்குள் வார்டு, கட்டில், வந்த நேரம்.

ஜெசிந்தா ஒன்று கேட்டது. "அண்ணே, ஆக்ஸிடென்ட் கேஸ்ல மயக்கமா வருவாங்க. கூட வந்தவங்க ஊரைச் சொல்லுவாங்க, பேரு தெரியாதும்பாங்க. அவங்கள எங்க போடுவீங்க?"

நல்ல கேள்வி. நான் சொன்னேன்: "ஊர்ப் பெட்டியை மட்டும் போடும்மா. உள்ள காலியா இருக்கட்டும். காலியா இருந்துச்சுன்னா, ஊர் ஆள் உண்டு, பேர் தெரியலன்னு அர்த்தம்." எமர்ஜென்சி அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்து வயர் இழுத்தோம். அங்கே நர்ஸ் ஊரை அடித்தால் இங்கே மேசையில் தெரியும். இரண்டு பட்டன் வைத்தேன். ஒன்று, பேர் கேட்க. ஊரும் பேரும் அடித்தால் வார்டு வரும், இல்லாவிட்டால் 'பதிவில் இல்லை' என்று வரும். இன்னொன்று, ஊர் கேட்க. ஊரை மட்டும் அடித்தால் பேர்களெல்லாம் வரும். உள்ளே காலியாக இருந்தால், 'இந்த ஊர் ஆள் உண்டு, பெயர் தெரியவில்லை, காத்திருக்கவும்' என்று வரும்.

இரண்டையும் சோதித்துப் பார்த்தேன். இல்லாத பேரைக் கேட்டேன், இல்லை என்றது. இல்லாத ஊரைக் கேட்டேன், இல்லை என்றது. சந்தோஷம். ஆனால் பேரைக் கேட்ட ஊர் வேறு, ஊரைக் கேட்ட ஊர் வேறு. ஒரே ஊரில் முதலில் பேரையும் பிறகு ஊரையும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. அப்படிக் கேட்க ஒரு காரணம் எனக்கு இல்லை. என் சொந்தம் யாரும் ஆஸ்பத்திரிக்குள்ளே கிடக்கவில்லை, பாருங்கள்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஜெசிந்தா, "அண்ணே, ஒங்க பெட்டி எங்க டீனைவிட நல்லாப் பேசுது" என்று கேலி பண்ணும். நானும் டவுன் பஸ்ஸில் அந்த வழியே போகும்போது இறங்கி ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல.

ஒரு நாள் காலையில் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன வேன் உருண்டுவிட்டது. பூ எடுக்கப் போகிறவர்கள் விடியும் முன்பே போவார்கள். அரும்பு விரிவதற்குள் எடுத்தாக வேண்டும். நாலைந்து ஊர்ப் பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேரை நம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், ரொம்ப அடிபட்டவர்களை ரோட்டிலிருந்தே மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எந்த வேன் என்றும் தெரியாமல் சுற்று ஊர்க்காரர்களெல்லாம் நம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள்.

ஜெசிந்தா எனக்குப் போன் போட்டது. "அண்ணே, கூட்டம் தாங்கல. ஒரு கை வாங்க."

நான் போகும்போது எட்டரை இருக்கும். வாசல் வரைக்கும் ஆட்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஊரைச் சொல்லுகிறார்கள். நான் கீபோர்டில் உட்கார்ந்துகொண்டேன், ஜெசிந்தா ஆளை நிறுத்திக் கேட்டது. எமர்ஜென்சியிலிருந்து நர்ஸ்கள் கம்ப்யூட்டரில் போடுவதோடு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கீழே அனுப்புவார்கள். அது பழைய வழக்கம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர்கள் அதை விடவில்லை. எனக்கு அதில் ஒரு சின்னக் கோபம் உண்டு. என் பெட்டியை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? ஜெசிந்தா அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்திவைக்கும்.

ஒன்பது, ஒன்பதேகால் இருக்கும். ஒரு மனிதர் வந்தார். அறுபது வயது சொல்லலாம். தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. பின்னால் தெரிந்துகொண்டேன், செல்லையா என்று பேர். அவர் நெருக்கித் தள்ளவில்லை. தன் முறை வரும் வரைக்கும் நின்றார்.

"அப்பு, எம்மக பூவெடுக்கப் போனா. கள்ளிவேலிப்பட்டி. ரேவதின்னு பேரு."

அடித்தேன். 'பதிவில் இல்லை.'

"இல்லையே அப்பு. இங்க வரலன்னு காட்டுது."

அவர் நகரவில்லை. அந்த முகத்தை எப்படிச் சொல்ல. இல்லை என்று சொன்னால் நகர்ந்துவிட அவர் என்ன கடைக்கா வந்திருக்கிறார்? "சரி, பேரு தப்பா எழுதியிருப்பாக. எங்க ஊர்க்காரவுக யாராச்சும் இருக்காகளான்னு பாருங்க. எங்க ஊர்லருந்து அந்த வேன்ல அவ ஒருத்திதான் போவா" என்றார்.

ஊர் பட்டனை அழுத்திக் கள்ளிவேலிப்பட்டி என்று அடித்தேன்.

'இந்த ஊர் ஆள் உண்டு, பெயர் தெரியவில்லை, காத்திருக்கவும்.'

"இருக்கு அப்பு! இருக்கு!" என்று நான்தான் கத்தினேன். அந்தக் காலையில் முதல் முறையாக ஒருத்தருக்கு நல்லது சொல்லுகிறோம் என்ற சந்தோஷம் எனக்கு. அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அப்படியே குனிந்துவிட்டார். "மயக்கமா இருக்காளா?"

"பேரு சொல்ற நெலமையில இல்ல போல. ஆனா ஆளு இருக்கு. உள்ள டாக்டருக பாத்துக்கிட்டு இருக்காக."

அப்போது ஜெசிந்தா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணே, அந்த ஊருக்குச் சீட்டு வரலையே" என்றது.

நான் கம்பியைப் பார்த்தேன். பேர் தெரியாதவர் என்று இரண்டு சீட்டு இருந்தது. இரண்டும் வேற ஊர். கள்ளிவேலிப்பட்டி இல்லை.

இந்த இடத்தில்தான் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேப்பர் ஒன்று சொல்லுகிறது, நீங்கள் எழுதிய புரோகிராம் ஒன்று சொல்லுகிறது. சுற்றிலும் நாற்பது பேர் நிற்கிறார்கள். யோசிக்க அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீங்கள் எதை நம்புவீர்கள் என்பதைத்தான் இத்தனை வருஷச் சர்வீஸ் என்கிறோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கம்ப்யூட்டர்ல ஏறிருச்சும்மா. சீட்டு பின்னாடி வரும். அந்தச் சீட்டை இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்களே."

ஜெசிந்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டது. எட்டாவது படித்தவன் அந்தப் பொண்ணு வாயை அடைத்தேன்.

வாசலில் ஒரு ஜீப் நின்றது. மதுரைக்குக் கொண்டுபோனவர்களின் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறது. டிரைவர் இறங்கி வந்து, "மதுரைக்கு இன்னும் ஒரு ஆளு ஏறலாம்! ஒரே ஒரு ஆளு!" என்று சத்தம் போட்டார்.

செல்லையா அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார்.

"அப்பு, போகவா, இருக்கவா?"

"இருங்க" என்றேன். "ஆளு இங்க இருக்கையில எதுக்கு அம்புட்டுத் தூரம் போறீக?"

ஜீப் போய்விட்டது. வேறு ஒரு அம்மா அந்த இடத்தில் ஏறிக்கொண்டது.

அவர் தூண் ஓரம் தரையில் உட்கார்ந்தார். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டார். செத்த நேரம் கழித்து டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார், குடிக்கவில்லை. பையைத் திறந்து காட்டினார். ஒரு மாற்றுச் சேலை, ஜாக்கெட். "பனியில நனைஞ்சிருக்கும்ல. பூவெடுத்துட்டு வந்தா இடுப்பு வரைக்கும் ஈரமாத்தான் வருவா. ஈரச்சேலையோட கிடந்தா சளி புடிச்சுக்கும்." வேன் உருண்டு கிடக்கிறது, அவர் சளியைப் பற்றிக் கவலைப்படுகிறார். பெரிய பயத்தைத் தூக்க முடியாதபோது மனிதர்கள் சின்னப் பயத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

ஒன்றுக்குக்கூட எழுந்து போகவில்லை. போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்? நான் இரண்டு தடவை உள்ளே கேட்டனுப்பினேன். "செத்த பொறுங்க, இன்னும் பேரு தெரியாத கேஸ் ரெண்டு இருக்கு" என்று பதில் வந்தது. இரண்டு என்றுதான் சொன்னார்கள். கம்பியில் இருந்ததும் இரண்டுதான். மூன்று என்று சொன்னது என் பெட்டி மட்டும்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் ஒருத்தர் கீழே வந்தார். கை கழுவின ஈரம் காயவில்லை. "பேரு தெரியாதவங்க ரெண்டு பேரையும் அவங்கவங்க வீட்டுல பாத்துட்டாங்க. இனி யாரும் இல்ல" என்றார்.

"கள்ளிவேலிப்பட்டி?" என்றேன்.

"அந்த ஊர்லருந்து யாருமே வரலையே. யாரு சொன்னா?"

செல்லையா எழுந்து வேட்டியைத் தட்டினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப மதுரைக்குப் போகணுமா அப்பு? பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை. புரோகிராமில் என்ன தப்பு என்று பார்க்கும் அவசரம். அதையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை அப்படியே திரையில் கொட்டச் சொன்னேன். ஆள் இருக்கிற ஊர்கள் முதலில் வந்தன. அதற்கப்புறம் காலி ஊர்கள். ஒன்று, இரண்டு, பத்து, பதினேழு. நர்ஸ் யாரும் போடாத ஊர்கள். காலி ஊர்கள் தினமும் ராத்திரி அழிந்துவிடும், அதனால் இவை எல்லாம் அன்றைக்கு வந்தவை. பக்கத்தில் நின்ற ஜெசிந்தா விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தது. "அண்ணே, இதெல்லாம் இங்க வந்து கேட்டவங்க ஊரு."

ஆமாம். கேட்ட ஊரெல்லாம் இருந்தது.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். 'இந்த ஊர்ப் பெட்டிக்குள் இந்தப் பேர் இருக்கிறதா?' என்று ஒரே வரியில் கேட்டிருந்தேன். பெர்ல் என்ன செய்யும் என்றால், பேரைத் தேட முதலில் ஊர்ப் பெட்டியைத் திறக்கப் போகும். அப்படி ஒரு பெட்டி இல்லையென்றால், தானே ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, அதற்குள் பார்த்துவிட்டு, பேர் இல்லை என்று சரியாகச் சொல்லும். செய்துவைத்த பெட்டியை எடுக்காது. நான் கேட்ட பேர் இல்லை. ஆனால் கேட்டதாலேயே ஊர் வந்துவிட்டது. அடுத்து ஊரைக் கேட்டால், இருக்கிறது, உள்ளே காலி. காலி என்றால் என்ன அர்த்தம் என்று நான்தான் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறேனே.

மற்ற பதினாறு ஊர்க்காரர்களும் பேரைக் கேட்டு, இல்லை என்றதும் ஓடிவிட்டார்கள். இவர் ஒருத்தர்தான் நின்று இரண்டாவது தடவை கேட்டார்.

அந்தத் தடித்த புத்தகத்தில் இது இருந்தது. பிற்பாடு ஜெசிந்தாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கட்டம் கட்டின வரிகளுக்குப் பக்கத்திலேயே, நான் தாண்டிப்போன இங்கிலீஷில், அதை ஒரு வசதி என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பொண்ணு ரேவதி மதுரையில் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன உயிரை விட்டது. பதினொன்றரை வரைக்கும் பேசிக்கொண்டிருந்ததாம். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் சொன்னது. அந்த ஜீப் பதினொரு மணிக்கெல்லாம் அங்கே போய்விட்டது.

பாயிடம் போய் அழுதேன். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "மொதல்ல சரிபண்ணு. அப்புறம் அழு" என்றார். ஊர் இருக்கிறதா என்று முதலில் கேள், இருந்தால் மட்டும் உள்ளே போய்ப் பேரைக் கேள். அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாய் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் போய், தப்பு எங்கள்மேல் என்று சொல்லிவிட்டும் வந்தார். படி இறங்கும்போது நான், "பாய், அந்த மனுசன்கிட்டயும் போய்ச் சொல்லணும்" என்றேன்.

பாய் நின்றார். "சொல்றதுன்னா அவருக்காகச் சொல்லு. உனக்காகச் சொல்லாத. உனக்காகன்னா, நாகூருக்கோ பழனிக்கோ போய் அங்க சொல்லிட்டு வந்துரு."

அப்போது எனக்கு அது புரியவில்லை. உண்மையைச் சொல்லுவதில் யாருக்காக என்று என்ன இருக்கிறது?

மூன்று மாதம் கழித்துப் போனேன். கள்ளிவேலிப்பட்டி பஸ் போகாத ஊர், இரண்டு கல் நடக்க வேண்டும். செல்லையா கிணற்று மேட்டில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க அப்பு, டீ குடுத்த ஆளுல்ல நீங்க" என்றார். நான் அங்கேயே திரும்பியிருக்கலாம்.

உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கட்டம் போட்டு விளக்கினேன். இது ஊர்ப் பெட்டி, இதுக்குள்ள பேர்ப் பெட்டி. நீங்க பேரைக் கேட்டீங்க, அது தேடப்போயி ஊர்ப் பெட்டியைத் தானா உண்டாக்கிருச்சு. நீங்க ஊரைக் கேட்டீங்க, அது இருக்குன்னு சொல்லிருச்சு. உங்களுக்குச் சொல்லுவதுபோலவே, வரிசை பிசகாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்.

"அதாவது, தண்ணி இருக்கான்னு பாக்கத் தோண்டுறோம். தண்ணி இல்ல. ஆனா குழி வந்துருது. அப்புறம் வாரவன் குழியப் பாத்துட்டு, இங்க தண்ணி இருக்குங்கிறான். அப்படித்தானே?"

"அப்படித்தான் அப்பு. அதேதான்." இம்புட்டு வருஷத்தில் இதை இவ்வளவு நன்றாக ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப, பேரைக் கேக்காம நான் ஊரை மட்டும் மொதல்ல கேட்டிருந்தா?"

நான் குச்சியைக் கீழே போட்டேன்.

"இல்லேன்னு சொல்லியிருக்குமா?"

"ஆமா."

"நானும் அந்த ஜீப்புல போயிருப்பேன்."

"அப்பு, தப்பு என்மேல. அந்த வரியை எழுதுனது நான். இருங்கன்னு சொன்னதும் நான்."

"நீங்க எழுதுனீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "ஆனா தோண்டுனது நான்தானே. அவ பேரச் சொல்லித்தானே தோண்டுனேன்."

அப்புறம் எவ்வளவோ சொன்னேன். மண்ணில் போட்ட கட்டத்தைக் காலால் அழித்தேன். கட்டம் அழிந்தது. எனக்குப் பாரம் குறைந்தது, ஏனென்றால் அதை அவர் தலையில் இறக்கிவிட்டேன். மூட்டை இறக்கியவன்தானே நான். பாய் சொன்னது அன்றைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் புரிந்தது.

நீங்களும் தப்புச் செய்வீர்கள். செய்ததை உங்கள் மேலதிகாரியிடம் சொல்லும்போது வரிசை பிசகாமல் சொல்லுங்கள், அது அவர்களுக்கு வேண்டும். தப்பால் அடிபட்டவரிடம் சொல்லும்போது, 'நான் தப்புச் செய்தேன், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்பதோடு நிறுத்துங்கள். அவர் கேட்டதால் எந்தப் பட்டன் என்ன செய்தது என்று விளக்காதீர்கள். அதற்குப் பேர் உண்மை பேசுவது இல்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் செல்லையா வீட்டம்மாவைப் பார்த்தேன். பூக்கூடையை வேனில் ஏற்றிவிட்டு நின்றிருந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காரு. வேலைவெட்டி பாக்குறாரு, சாப்புடுறாரு. என்னமோ தெரியல, புள்ள பேரை மட்டும் சொல்றதில்ல. 'அந்தப் புள்ள'ம்பாரு. செத்துப்போன மூணு மாசமும் ரேவதி ரேவதின்னு பொலம்புன மனுசன். திடீர்னு ஒரு நாள்ல நிப்பாட்டிட்டாரு. சாமிக்குப் படைக்கையிலகூட பேரு சொல்லிக் கூப்புட மாட்டேங்குறாரு. என்னன்னு கேட்டா, கேக்கக் கூடாதுங்கிறாரு. ஒங்களுக்கு எதுவும் தெரியுமா அண்ணே?"

"தெரியாதும்மா" என்றேன். அந்தப் பொய்யை நான் அவருக்காகச் சொன்னேன்.

இப்போது நீங்கள் எழுதும் மொழிகள் பலவற்றில் சும்மா கேட்டால் பெட்டி முளைக்காது என்கிறார்கள். சிலவற்றில், முளைத்தால் வசதி என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையை விடும் வரைக்கும் நான் எந்தப் புரோகிராமை முடித்தாலும் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பூக்கடைக்கு எழுதியது, பார்சல் ஆபீஸுக்கு எழுதியது, எதுவானாலும் சரி. கதவைச் சாத்திவிட்டு, முதலில் ரேவதி, கள்ளிவேலிப்பட்டி என்று அடித்துக் கேட்பேன். பிறகு கள்ளிவேலிப்பட்டியை மட்டும் கேட்பேன்.

இரண்டுக்கும் இல்லை என்றே வரும். வந்தால்தான் புரோகிராம் சரி. செத்த நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.